குழாயின் மேல் ஒரு வீண்பழி

லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பிடும் முன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று தம்ளரை எடுத்துச் சமையலறைக் குழாயில் பிடித்தேன். வீட்டுக்கார அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ தம்பி, பைப் தண்ணி குடிக்காதேங்கோ. போத்தல் இருக்கு.” ஏன் அக்கா என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. கேத்திலின் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடியிலும் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில். “இதைப் பாருங்கோ. இதையோ குடிக்கச் சொல்லுறியள்?”

அந்தக் கேத்தில்தான் லண்டன் தமிழர்களின் முதல் சாட்சி. ஹாரோவில் மட்டுமில்லை, டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் அதே வழக்கு, அதே தீர்ப்பு. சென்னையிலிருந்து படிக்க வரும் பையனுக்கு வந்திறங்கிய அன்றே அறைத்தோழர்கள் சொல்லிவைக்கிறார்கள்: “டாப் வாட்டர் குடிக்காதே, கல் வந்துடும்.” அடுத்த சனிக்கிழமை அவன் இருபத்துநான்கு பாட்டில் கொண்ட பிளாஸ்டிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறுகிறான். மேலே போனதும் தாகத்துக்கு ஒரு பாட்டிலைத் திறக்கிறான். பக்கத்திலேயே குழாய் இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கும் அவன்தான் பில் கட்டுகிறான்.

இந்தப் பழக்கத்துக்கு ‘முன்னெச்சரிக்கை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் பொருந்தவில்லை. ஊரில் கற்றுக்கொண்ட ஒரு நல்ல பாடத்தை, அது செல்லாத இடத்தில் ஒப்பிக்கிறோம், அவ்வளவுதான்.

ஊரில் அந்தப் பாடம் சரியானதே. சென்னையில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்த அம்மாவையோ, கேன் வாங்கிய அப்பாவையோ கேலி செய்ய நான் வரவில்லை. அங்கே குழாயில் தண்ணீர் நாள் முழுதும் ஓடுவதில்லை, விட்டு விட்டு வருகிறது. வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. மண்ணுக்கடியில் ஒரு விரிசல் இருந்தால் போதும், பக்கத்தில் தேங்கியிருக்கும் சாக்கடை உள்ளே புகுந்துவிடும். மறுநாள் தண்ணீர் விடும்போது அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு அது சம்ப்பில் கிடக்கிறது, மொட்டைமாடித் தொட்டியில் கிடக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எவ்வளவு நல்ல தண்ணீர் கிளம்பினாலும் நம் தம்ளருக்கு வருவதற்குள் அது வேறு தண்ணீர். ஆகவே கொதிக்க வைத்தோம். அது அறிவு.

லண்டனில் குழாய்க்குள் இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தம் இருக்கிறது. இந்த ஊர்க் குழாய்களும் ஒழுகுபவைதான். தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் குழாய்களில் கசிந்து வீணாவது நாளொன்றுக்கு 50 கோடி லிட்டருக்கும் மேல். அது வெட்கக்கேடு, சண்டை போட வேண்டிய விஷயம். ஆனால் கசிவு எந்தத் திசையில் போகிறது என்று கவனியுங்கள். உள்ளிருந்து வெளியே போகிறது. அங்கே வெளியிலிருந்து உள்ளே வந்தது. இந்தத் திசை மாற்றத்தைப் பார்க்காமல், அங்கே வைத்த பயத்தை மட்டும் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

சரி, கேத்திலுக்கு வருவோம். செதில் பொய்யில்லை. லண்டனுக்கு வரும் நீரின் ஒரு பகுதி சுண்ணக்கல் பாறைகளுக்குள்ளிருந்து ஊறி வருவது. லிட்டருக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற அளவில் கடினத்தன்மை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் இந்தச் சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது கரையாத கார்பனேட்டாக மாறி அடியில் படிகிறது. அப்படியென்றால் கேத்திலில் ஒட்டியிருப்பது, நீங்கள் குடிக்காமல் தண்ணீரைவிட்டுப் பிரிந்துபோன பகுதி. அதைக் காட்டி ‘இதைத்தான் குடிக்கிறோம்’ என்று அலறுவது, வடிகட்டியில் தங்கிய தேயிலைத் தூளைக் காட்டித் தேநீரைக் குறை சொல்வது மாதிரி.

‘அப்படியே குடித்தால் உள்ளே போய்ப் படியாதா?’ என்பது அடுத்த கேள்வி. கேத்திலில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றிப் பாருங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். எலுமிச்சைக்கே தாங்காதது வயிற்று அமிலத்துக்கா தாங்கும்? கரைந்த கால்சியத்தின் கணக்கையும் போட்டுவிடலாம். 300 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 240. ஒரு சிறிய தம்ளர் பாலில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். பிள்ளைக்குப் பாலைக் கொஞ்சிக் கொஞ்சி ஊட்டுகிறோம், தண்ணீரில் அதே பொருளைக் கண்டால் நடுங்குகிறோம்.

சிறுநீரகக் கல்லைப் பற்றி மருத்துவம் சொல்வது நம் வீட்டு நம்பிக்கைக்கு நேர் எதிரானது. கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தவை. உணவோடு வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியான ஆய்வு, உணவில் கால்சியம் அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கே கல் குறைவாக வந்ததைக் கண்டது. கல் வருவதன் முக்கியமான காரணங்களில் ஒன்று, தண்ணீர் போதுமான அளவு குடிக்காதது. குழாயைக் கண்டு பயந்து, கையில் பாட்டில் இல்லாத நேரமெல்லாம் தாகத்தை அடக்கிக்கொள்கிறவர்தான் உண்மையில் கல்லுக்கு வரவேற்புரை வாசிக்கிறார்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. என்னைத் தடுத்த அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். குடாநாடே ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் பாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கிணற்று நீர் ஊறுவதும் அந்தக் கல்லுக்குள்ளிருந்துதான். இருபது வயதுவரை அந்தத் தண்ணீரைத் துலாவில் அள்ளிக் குடித்தவர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்த ஆச்சியின் பேத்தி, இங்கே வந்து சுண்ணாம்புக்குப் பயப்படுகிறார். ஊர்க் கிணற்றின் சுண்ணாம்பு ‘நல்ல தண்ணீரின் உருசி’ ஆயிற்று. லண்டன் சுண்ணாம்பு மட்டும் எப்படி நஞ்சாயிற்று?

இன்னொன்று. அவர் எனக்கு ஊற்றித் தந்தது எவியன். பாட்டிலின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்தேன்: லிட்டருக்குக் கால்சியம் 80, மெக்னீசியம் 26 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்துக் கடினத்தன்மைக் கணக்கில் கொண்டுவந்தால் 300ஐத் தொடுகிறது. அதாவது லண்டன் குழாயின் அதே அளவு. ஆல்ப்ஸ் மலையின் படம் போட்டால் ‘மினரல்’, குழாயில் வந்தால் ‘கல்’.

கேத்திலைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. ‘தண்ணீர்க் கம்பெனிகள் ஆற்றில் கழிவைக் கொட்டுகின்றன. அதே ஆற்றிலிருந்துதானே நமக்கும் தருகின்றன?’ கேள்வியின் இரு பாதிகளும் உண்மை. இங்கிலாந்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் மழைநீரோடு கலந்த கழிவு ஆறுகளிலும் கடலிலும், எல்லா வெளியேற்று வாய்களின் நேரத்தையும் கூட்டினால், 36 லட்சம் மணி நேரம் திறந்துவிடப்பட்டது. லண்டன் குடிக்கும் நீரின் பெரும்பகுதி தேம்ஸ், லீ ஆகிய இரண்டு ஆறுகளிலிருந்து வருகிறது. தேம்ஸில் நீந்தாதே என்று யாராவது சொன்னால் கைகட்டிக் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஆறும் குழாயும் ஒன்றல்ல. ஆற்று நீரைப் பெரிய நீர்த்தேக்கங்களில் தேக்கித் தெளியவைக்கிறார்கள். மணற்படுகை வழியே மெதுவாக இறக்குகிறார்கள். அந்த மணலின் மேல்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் கிருமிகளைத் தின்றுவிடுகிறது. ஓசோனும் கரியும் குளோரினும் உண்டு. மணல் வடிப்பு இந்த நகரத்துக்குப் புதிதல்ல, செல்சி நீர்நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இலேயே அமைத்துவிட்டார்.

ஆற்றுக்கும் குழாய்க்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்குக் காட்டியதும் இதே லண்டன்தான். 1854இல் காலரா பரவியபோது தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விற்றன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரத்தின் சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸில் எடுத்தது. லேம்பெத் கம்பெனி 1852இலேயே நீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டது. இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. பக்கத்துப் பக்கத்து வீடுகள், அதே காற்று, அதே வறுமை. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். முதல் கம்பெனியின் பத்தாயிரம் வீடுகளுக்கு 315 சாவு, இரண்டாவதில் 37. ஒரே ஆறு, ஒரே தெரு. வேறுபட்டது, குழாய் நீர் எடுத்த இடம்.

அந்தக் கணக்கெடுப்பில் நமக்கு ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. தங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்று பலருக்குத் தெரியவில்லை. குடித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை, கண்ணால் பார்த்தும் சொல்ல முடியவில்லை. ஸ்நோ தண்ணீரை எடுத்து வெள்ளி நைட்ரேட் விட்டு உப்பின் அளவைச் சோதித்துத்தான் பிரித்தறிந்தார். தண்ணீர் வழக்கில் நாக்கும் கண்ணும் சொல்லும் சாட்சி செல்லாது. சோதனைதான் சாட்சி.

இன்றைக்கு அந்தச் சோதனை யார் கையில்? தனியார் கம்பெனிகளை மேற்பார்க்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிநீர் ஆய்வுத்துறை என்ற அரசு அமைப்பு 1990 முதல் இயங்குகிறது. கம்பெனிகள் ஆண்டு முழுதும் எடுக்கும் மாதிரிகளில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் அளவுகோலுக்குள் இருப்பதை அண்மைய அறிக்கைகள் காட்டுகின்றன. உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் உங்கள் பகுதிக்கு வரும் நீரில் என்னென்ன எவ்வளவு என்று கம்பெனியே பட்டியல் தரும். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும் பாட்டிலுக்கு அப்படி ஒரு பட்டியலை யாராவது கேட்டதுண்டா? குளோரின் வாடை பிடிக்காதவர்கள் மூடிய சாடியில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் வாடை மட்டுப்படும். வழக்கமாக இங்கே இருக்கும் குளோரின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5.

எதிர்த்தரப்பு தன் வலுவான சாட்சிகளை இன்னும் கூண்டில் ஏற்றவில்லை. நானே ஏற்றுகிறேன். 1988 ஜூலை 6 அன்று கார்ன்வாலில் கேமல்ஃபோர்டு ஊருக்கு நீர் தரும் நிலையத்தில், ஒரு லாரி 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் கொட்டிவிட்டது. சுமார் 20,000 பேரின் குழாயில் அது வந்தது. அதைவிடக் கொடுமை, அதிகாரிகள் நாள்கணக்கில் உண்மையைச் சொல்லவில்லை. 2024 மே மாதம் டெவனில் பிரிக்ஸம் வட்டாரத்துக் குழாயில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சில தெருக்கள் வாரக்கணக்கில் கொதிக்கவைத்துக் குடித்தன. ஆகவே ‘குழாய் ஒருபோதும் தவறாது’ என்று நான் சொல்லமாட்டேன். தவறும். ஆனால் பிரிக்ஸம்காரர்களுக்குக் ‘கொதிக்க வையுங்கள்’ என்ற அறிவிப்பு வந்தது. அப்படி அறிவிப்பு வரும் நாளில் கொதிக்க வைப்பது முன்னெச்சரிக்கை. வராத ஆயிரம் நாளும் பாட்டில் சுமப்பது வெறும் பாரம்.

உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்று உண்டு. நம்மவர்கள் அதைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை: காரீயக் குழாய். 1970க்கு முன் கட்டிய வீடுகளில், தெருக் குழாயிலிருந்து சமையலறைக்கு வரும் கடைசிச் சில மீட்டர் காரீயமாக இருக்கலாம். சட்ட வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். காரீயம் கரையாமலிருக்கக் கம்பெனிகள் நீரில் பாஸ்பேட் சேர்க்கின்றன, ஆனாலும் குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். சிங்க்குக்கு அடியில் குனிந்து, குழாயை ஒரு காசால் சுரண்டிப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்துக்குக் கீழே மெத்தென்று வெள்ளிபோல மின்னினால் அது காரீயம். கம்பெனியைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை, இரவு முழுதும் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் பாத்திரம் கழுவும் தொட்டி நிறையப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிறகு வருவதைக் குடியுங்கள். நம் அருமருந்தான கொதிக்கவைத்தல் இங்கே உதவாது. கொதித்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவுதான் கூடும்.

அதேபோல, பழைய ஆங்கில வீடுகளில் சமையலறைக் குளிர்நீர்க் குழாய் மட்டுமே தெருக் குழாயிலிருந்து நேரே வரும். குளியலறைக் குழாய்க்குப் பரணில் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்கலாம். ஆகவே இரவில் தாகம் எடுத்தால் குளியலறைக்குப் போகாதீர்கள், சமையலறைக்கு இறங்கி வாருங்கள். சுடுநீர்க் குழாயில் பிடித்துச் சமைக்காதீர்கள். எல்லாக் குழாயும் ஆபத்து என்று பயப்படுகிற வீட்டில்தான், வெந்நீர் சீக்கிரம் வருமென்று சுடுநீர்க் குழாயில் பிடித்து அரிசி வேகவைக்கிறார்கள்.

இனி, பாட்டில். 2004இல் கோக்க-கோலா நிறுவனம் டசானி என்ற பாட்டில் நீரைப் பிரிட்டனில் இறக்கியது. சிட்கப் என்ற புறநகரில் குழாய் நீரைப் பிடித்துச் சுத்திகரித்து அடைத்ததுதான் அது என்று அம்பலமானது. பத்திரிகைகள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. சேர்த்த கால்சியம் உப்பும் ஓசோனும் சேர்ந்து, புற்றுநோய் ஐயமுள்ள புரோமேட் சட்ட வரம்பைத் தாண்டி உருவாகியிருந்தது. சுமார் ஐந்து லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். குழாயில் வந்தபோது சரியாக இருந்த நீர் பாட்டிலுக்குப் போகும் வழியில் கெட்டது. 2024இல் பிரான்ஸில், இயற்கை மினரல் வாட்டர் என்று விற்ற நீருக்குச் சட்டம் அனுமதிக்காத புறஊதாக் கதிரையும் கரி வடிகட்டியையும் பயன்படுத்தியதை நெஸ்லே வாட்டர்ஸ் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாட்டில் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணினார்கள். அதனால் இன்ன நோய் வரும் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ‘சுத்தம்’ என்ற சொல்லை இனிமேல் கொஞ்சம் தயங்கி உச்சரிக்கலாம்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. பால்மாவு கரைக்கப் பாட்டில் நீரைப் பரிந்துரைப்பதில்லை என்கிறது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். அது கிருமியற்றதல்ல, சோடியமோ சல்பேட்டோ குழந்தைக்கு மிஞ்சிய அளவில் இருக்கலாம். குழாயில் புதிதாகப் பிடித்துக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன் கரைக்கச் சொல்கிறது. நம் வீடுகளில் நேர்மாறு. பெரியவர்களுக்கு எது வாங்கினாலும் ‘பிள்ளைக்கு மட்டும் நல்ல பாட்டில்’ என்று தனியாக ஒன்று வரும்.

‘அப்படியானால் எந்த நாட்டிலும் குழாயில் குடிக்கலாமா?’ என்று கேட்காதீர்கள். கேள்வியே தவறு. ‘வெளிநாடு’ என்று ஒரு நாடு கிடையாது. சிங்கப்பூரில் குழாயில் நேராகக் குடிக்கலாம். வளைகுடாவில் கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் நீர் நல்லதாகவே கிளம்பினாலும், நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தொட்டியை யார், எப்போது கழுவினார்கள் என்பதில்தான் உங்கள் வயிறு இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் நான்கைக் கேளுங்கள்: குழாயில் நாள் முழுதும் அழுத்தம் உண்டா? தெருவுக்கும் தம்ளருக்கும் இடையில் தொட்டி உண்டா? கடைசிச் சில மீட்டர் எந்த உலோகம்? சோதனை முடிவைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா? நாட்டைக் கேட்காதீர்கள், குழாயைக் கேளுங்கள்.

பாட்டிலுக்கு ஓடுவதில் பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. குழாயில் ஒரு லிட்டருக்கு ஒரு பென்னிகூட ஆகாது என்பதை விடுங்கள். குழாயில் குடிக்கிறவர் நிறம் மாறினால் போன் போடுவார், வாடை அடித்தால் சண்டைக்குப் போவார். பாட்டில் வாங்குகிறவர் ஒதுங்கிவிடுவார். கம்பெனிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்: பில்லும் கட்டுவார், கேள்வியும் கேட்கமாட்டார்.

ஸ்நோவின் குறிப்புகளில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை வருகிறார். அவர் குடியிருந்த பகுதியில் காலரா இல்லை. ஆனால் முன்பு வாழ்ந்த சோஹோவின் பிராட் தெருப் பம்புத் தண்ணீரின் சுவை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆகவே நாள்தோறும் வண்டியில் ஒரு பெரிய புட்டி நிறைய வரவழைத்துக் குடித்தார். 1854 செப்டம்பர் 2 அன்று காலராவில் இறந்தார். ஊரெல்லாம் குடித்த தண்ணீரை விட்டுவிட்டு, ‘நல்ல தண்ணீர்’ என்று நாக்கு நம்பியதைத் தொலைவிலிருந்து வரவழைத்தவர் அவர்.

இந்தக் கதையையும் சேர்த்துத்தான் அன்றைக்கு அக்காவிடம் வாதாடினேன். எலுமிச்சையைப் பிழிந்து கேத்திலைப் பத்து நிமிடத்தில் பளபளவென்று ஆக்கியும் காட்டினேன். “கெட்டிக்காரன்தான் தம்பி” என்று சிரித்தார். கேத்திலை இரண்டு முறை அலசினார். பிறகு தேநீருக்காக அதை நிரப்பினார், எவியனால்.

அடுத்த மாதம் மறுபடி போவேன். கேத்திலில் செதில் இருக்கும். அப்போது யார் மேல் பழி போடுவார் என்று பார்க்க வேண்டும்.